பின்னட்டையில் கிஸ்பெர்ட் லுக்காட்டிஸ்

மியூல்லர் என்றோ ஷ்மிட் என்றோ பெயரிருந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். எங்கள் சுரங்க ஊர் கெல்சென்கிர்ஹனின் டெலிபோன் புத்தகத்தில் மியூல்லர்கள் பக்கம் பக்கமாக இருந்தார்கள். யாரோ ஒரு மியூல்லர் என்று ஊர் விட்டிருக்கும். லுக்காட்டிஸ் ஒரே வீடுதான். ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த லுக்காட்டிஸ் அம்மா, அவளுடைய ஒரே மகன் கிஸ்பெர்ட். அந்தப் பெயரை மூவாயிரம் இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்தில் ‘துரோகி’ என்ற சொல்லோடு அச்சேற்றியவள் நான். என் பெயர் ஹைட்ரூன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனிமேல் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கிஸ்பெர்ட் அறுபத்துமூன்றில் பிறந்தவன். அவன் அப்பா நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்டு நாற்பத்தொன்பது வயதில் செத்தார். அப்படியும் பதினாறு வயதில் பையன் அதே சுரங்கத்துக்குத்தான் இறங்கினான். எங்கள் தெருவில் பிறந்தவன் வேறெங்கே போவான்? பாறையைக் குடைந்து புது வழி போடுகிற குழுவில் அவனுக்கு வேலை. குள்ளம், அகலமான தோள், வெட்கம் வந்தால் இரண்டு காதும் சிவந்துவிடும். வாயைத் திறக்க வைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். ஒரு மூச்சில் பத்து வார்த்தைக்கு மேல் அவன் பேசி நான் கேட்டது டிரம் செட் வாங்கின அன்றைக்கு மட்டும்தான்.

ஸ்கல் ஷிஃப்ட் என்று ஒரு த்ராஷ் மெட்டல் குழு, காதைக் கிழிக்கிற வேக ராக். என் தம்பி இங்கோ கிட்டார் வாசித்துப் பாடினான். பாடினான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கத்தினான். உடோ என்கிற வாயாடி பேஸ் கிட்டார். டிரம் கிஸ்பெர்ட். போர்க்காலத்துக் குண்டுப் பதுங்கறை ஒன்றில் மூன்றாவது மாடியில் பயிற்சி. சுவர் ஒன்றரை மீட்டர் கனம், அப்படியும் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டது.

“இது பாட்டாடா? யாரையோ கழுத்தறுக்கிற மாதிரி இருக்கு” என்பாள் எங்கள் அம்மா.

“அதேதாம்மா. இப்பதான் உனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு” என்பான் இங்கோ.

எட்டு மணி நேரம் தரைக்கு அடியில் துளைப்பானோடு மல்லுக்கட்டிவிட்டு மேலே வந்து, ரொட்டி தின்ற கையோடு இன்னும் மூன்று மணி நேரம் டிரம்மில் வெறி பிடித்தவன் மாதிரி அடிப்பான் கிஸ்பெர்ட். அவன் அடிக்கும்போது என் நெஞ்செலும்பு அதிரும். அந்த இசையை நான் ரசித்தேனா என்று கேட்காதீர்கள். அவனை ரசித்தேன். சனிக்கிழமைகளில் டிராம் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருப்பான். ஒரே தட்டில் கறிமசாலா சாஸ் ஊற்றின சாசேஜ் வாங்கி இரண்டு பேரும் தின்போம். அவனுக்கும் சேர்த்து நானே பேசுவேன். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. ஊரில் எல்லாரும் எங்களுக்குக் கல்யாணமே பண்ணி வைத்துவிட்டார்கள், அவனைத் தவிர.

எண்பத்தாறு வசந்தத்தில் பக்கத்து ஊர்ச் சின்னக் கம்பெனி ஒன்று இவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போட ஒப்புக்கொண்டது. ஸ்டுடியோவில் ஆறு நாள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பயிற்சியின் நடுவில் கிஸ்பெர்ட் குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டு எழுந்தான்.

“என்னால முடியாதுடா. வேற ஆளப் பாருங்க.”

“ஏன்டா?”

“முடியாது. அவ்வளவுதான்.”

இங்கோ கத்தினான், ஸ்டாண்டை எட்டி உதைத்தான், அப்புறம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். இரண்டு பேரும் முதல் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். போஹுமிலிருந்து ஒரு பையனைப் பிடித்து வந்தார்கள். அவன் பயிற்சியில் பதிந்த ஒலிநாடாக்களைக் கேட்டு, கிஸ்பெர்ட் போட்டுவைத்த தாளத்தை அப்படியே பாடம் பண்ணி அடித்தான். ஆக அந்தத் தட்டில் ஓடுவது கிஸ்பெர்ட்டின் தாளம்தான், கைதான் வேறே.

அதே வாரம் அவன் என்னிடமும் வருவதை நிறுத்தினான். சனிக்கிழமை புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் ஐந்து டிராம் போகும்வரை நின்றேன். அடுத்த சனிக்கிழமையும் நின்றேன், வெட்கங்கெட்டவள். பெட்டிக்கடைக்குப் போய்க் கேட்டதற்கு, “தூங்குறாம்மா, அசந்துட்டான்” என்றாள் அவன் அம்மா. பட்டப்பகலில் தூக்கமாம்! வேறே ஒருத்தி வந்துவிட்டாள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். பேசத் தெரியாதவனுக்கு வேறே ஒருத்தி எங்கிருந்து கிடைப்பாள் என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

இந்த த்ராஷ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆல்பத்தின் பின்னட்டையில் இரண்டு பட்டியல் போடுவார்கள். மேலே நன்றிப் பட்டியல்: அம்மாக்கள், பீர், சிநேகிதக் குழுக்கள், ஒயர் இரவல் கொடுத்தவன் எல்லாரும் அதில் இருப்பார்கள். கீழே ‘இவர்களுக்கு நன்றி கிடையாது, நாசமாய்ப் போகட்டும்’ என்று இன்னொன்று: கணக்கு வாத்தியார், டிராம் டிக்கெட் பரிசோதகர், போலீசைக் கூப்பிட்ட அண்டை வீட்டுக்காரர். கீழ்ப்பட்டியல் கேலிக்குத்தான். கணக்கு வாத்தியாரே பிற்பாடு ஒரு பிரதி வாங்கி வகுப்பில் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார். ஆனால் விடலைகள் பாட்டைக் கேட்டதைவிட அந்தப் பட்டியல்களைத்தான் பக்தியோடு படித்தார்கள். தட்டு சுற்றும்போது உறையை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக மனப்பாடம் பண்ணுவார்கள்.

பட்டியலை டைப் அடிக்கிற வேலை எனக்கு. நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். தவிர, எல்லாம் ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று இவன்களுக்கு ஆசை, இவன்களுடைய ஆங்கிலமோ இவன்கள் இசையைவிடப் பயங்கரம். இங்கோ மதுக்கடையில் உட்கார்ந்து பல நாளாக எழுதிச் சேர்த்ததை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தான். காகிதம் இல்லை. பீர் கிளாசுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டைகள். இருபது முப்பது இருக்கும். பீர் ஊறி, எழுத்துக் கோணி, ஒன்றில் ‘மேலே’ என்று, ஒன்றில் ‘கீழே’ என்று குறிப்பு.

கிஸ்பெர்ட்டின் பெயர் ‘மேலே’ அட்டையில் இருந்தது.

நான் அதைக் கீழே அடித்தேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி, அப்புறம் ‘துரோகி’. ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. என்ன நினைத்துச் செய்தாய் என்று கேட்டால் சொல்லவே கூசுகிறது. படித்துவிட்டு என்னிடம் சண்டைக்காவது வருவான் என்று நினைத்தேன். அட்டைகளைச் சமையலறை அடுப்பில் போட்டேன். ஈரத்தில் அவை எரியவே மாட்டேன் என்றன. கரண்டியால் குத்திக் குத்தி எரித்தேன்.

ஆகஸ்டில் உறைகள் வந்தன. முன்பக்கம் சுரங்க விளக்குப் பிடித்த எலும்புக்கூடு. இங்கோ பின்பக்கத்தைத் திருப்பினான், படித்தான், என்னைப் பார்த்தான்.

“அக்கா, என்ன இது? கிஸ்பெர்ட் இங்க எப்படி வந்தான்?”

“நீ எழுதினத அடிச்சேன்.”

“நானா? நான் மேலதான எழுதினேன்!”

“பத்து பீருக்கு அப்புறம் எது மேல, எது கீழன்னு உனக்குத் தெரிஞ்சுதா? எனக்கென்ன தெரியும், நான் டைப்பிஸ்ட்.”

அவன் முகம் செத்துப்போயிற்று. உடோ உறையைப் பிடுங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். “சூப்பர்டா! இது ஒண்ணுதான் இந்த அட்டையிலயே பயமுறுத்துற மாதிரி இருக்கு.”

“அவன்கிட்ட போய்ச் சொல்லணும்டா” என்றான் இங்கோ.

“என்னன்னு? குடிச்சிட்டு உன்னத் துரோகின்னு எழுதிட்டேன், மூவாயிரம் அடிச்சாச்சு, மன்னிச்சிக்கோன்னா?”

இங்கோ போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவான்? என் தம்பி தன் கையாலேயே சிநேகிதன் பெயரைக் கெடுத்துவிட்டதாக நம்பினான், நான் நம்பவிட்டேன். அடுத்த மாதம் ஒரு ரசிகர் பத்திரிகைக்காரன் வந்து, “யாரு அந்தத் துரோகி, என்ன செஞ்சான்?” என்று கேட்டபோது இங்கோ மென்று விழுங்கி, “அது அவனுக்கே தெரியும்” என்றான். வேறே வழி தெரியாமல் சொன்னது. அதைத் தடித்த எழுத்தில் போட்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சுரங்கத்தில் வேலை பழகுகிற பையன்கள் அத்தனை பேரும் அந்தத் தட்டை வாங்கியிருந்தார்கள். தரைக்கு மேலே துரோகி என்பது ஒரு வசவு. கணக்கு வாத்தியாரை நாசமாய்ப் போ என்கிற மாதிரி. தரைக்கு ஆயிரம் மீட்டர் அடியில் அது வேறே. அங்கே பக்கத்தில் நிற்கிறவன் கையில்தான் உன் உயிர் இருக்கிறது. அந்தச் சொல் சுரங்க லிஃப்ட் கூண்டில் ஏறி இவர்களோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது.

அக்டோபரில் ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் லுக்காட்டிஸ் அம்மா கடை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

“ஹைட்ரூன், உள்ள வா கண்ணு. ஒரு நிமிஷம்.”

கடைக்குப் பின்னால் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டாள். காபி ஊற்றினாள். கல்லாவுக்கு அடியிலிருந்து அந்த இசைத்தட்டை எடுத்தாள். வீட்டில் தட்டுப் போடுகிற பெட்டிகூடக் கிடையாது, முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

“பையனுங்க பீர் வாங்க வரும்போது என்னப் பாத்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறானுங்க. இதுல கிஸ்பெர்ட் பேரு இருக்குன்னு தெரியுது, என் கண்ணுக்கு அது போதும். பக்கத்துல என்ன எழுதியிருக்கு? நீ இங்கிலீஷ் படிச்சவ.”

அவள் விரல் சரியாக அந்தச் சொல்லின் மேல் இருந்தது. செய்தித்தாள் மை ஏறின நகம்.

“அவன்கிட்ட கேக்கலியாம்மா?” என்றேன்.

“கேட்டா சொல்றவனா அவன்? நானாத்தான் கண்டுபிடிச்சேன். மூணு வாரமா முதுகு கறுப்பாவே வீட்டுக்கு வர்றான்.”

இதற்கு மேல் அவள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவன் குளிக்கும்போது, பக்கத்தில் நிற்கிறவன் அவன் முதுகைத் தேய்த்துவிடுவான். கேட்க வேண்டாம், தோளைத் திருப்பினால் போதும். முந்தின நாள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்தவர்கள்கூட முதுகு தேய்த்துவிடுவார்கள். முதுகு கறுப்பாக ஒருவன் வீட்டுக்கு வருகிறான் என்றால், அங்கே அவனைத் தொட ஒரு கை இல்லை என்று அர்த்தம்.

“சட்டையெல்லாம் கரி. படுக்கை விரிப்பெல்லாம் கரி. நேத்து நானே தேய்ச்சு விட்டேன். இருபத்திமூணு வயசுப் பிள்ளைக்கு. சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான், குளிக்கிற எடத்துல கூரையிலேர்ந்து துணி மாட்டித் தொங்கவிடுற சங்கிலியக் கீழ எறக்கினா சட்டைக்குப் பதிலா இந்த அட்டை தொங்குச்சாம், பேர்ல செவப்பு வட்டம் போட்டு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அப்படி என்ன பண்ணிட்டான் என் புள்ள? அந்த டமாரத்த விட்டதுக்கா? அவன் ஏன் விட்டான்னு உங்க வீட்ல யாருக்காவது தெரியுமா?”

“ஏம்மா?”

“காது போவுது அவனுக்கு. சுரங்கத்து டாக்டரு மிஷின் வச்சுப் பாத்துட்டுச் சொல்லிட்டாரு. டமாரமா, வேலையா, ஒண்ண விடுன்னு. வேலைன்னா சம்பளத்துக்காக மட்டும் இல்லம்மா. கல்லு விழறதுக்கு முன்னாடி பேசும். முணுக்குனு ஒரு சத்தம். முன்னால நிக்கிறவன் அதக் கேட்டுக் கத்தினாத்தான் பின்னால நிக்கிற ஆறு பேர் ஓடலாம். எனக்குக் கேக்காமப் போயி எவனாவது செத்தா நான் என்னம்மா செய்வேன்னான். அதான் விட்டான். சத்தம் இருக்கிற எடத்துக்கே போறதில்ல. சனிக்கிழமைகூட வீட்லயே கெடக்கிறான். உன்கிட்டகூடச் சொல்லலியா?”

இல்லை என்று தலையாட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கூட நிற்கிறவர்கள் சாகக்கூடாது என்று உயிரான ஒன்றை விட்டவனுக்கு நான் வைத்த பெயர் அது.

“சொல்லு கண்ணு, என்ன எழுதியிருக்கு?”

அந்த இடத்தில், அந்த ஸ்டூலில், நான் சொல்லியிருக்கலாம். கடையில் வேறே யாரும் இல்லை. நான் சொன்னது இது:

“ஒண்ணுமில்லம்மா. அவங்களுக்குள்ள ஒரு கிண்டல். பாதியில போனவன்னு அர்த்தம். செல்லமாத்தான் போட்டிருக்காங்க.”

“செல்லமாவா?”

“ஆமாம்மா.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் கன்னத்தைத் தட்டினாள். ஒரு பொட்டலம் மிட்டாய் கையில் திணித்தாள், காசு வாங்க மாட்டேன் என்றாள். கிஸ்பெர்ட்டிடம் அன்று சாயங்காலமே சொல்லியிருக்கிறாள்: ஹைட்ரூன் சொன்னாடா, அது சும்மா விளையாட்டு. அவன் என்ன பதில் சொன்னானோ. அவனுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியும்.

மூன்று மாதம் அவன் அந்த முதுகோடு போய் வந்தான். அப்புறம் நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு சுரங்கத்துக்கு மாற்றிக்கொண்டான். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், காலை வேலைக்கு மூன்றரை மணிக்கே எழுந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போனான். அன்னெக்ரெட் என்ற நர்சைக் கட்டிக்கொண்டான். நல்லவள், மெதுவாகவும் தெளிவாகவும் பேசுவாள். இரண்டு பெண் குழந்தைகள். தெருக் குழந்தைகளுடைய சைக்கிள் எல்லாம் அவன் கொல்லைப்புறத்தில்தான் பழுது பார்க்கப்படும். டிரம் அடிக்கிறவன் கால் சும்மா இருக்காது என்பார்கள். கிஸ்பெர்ட் மேஜையில் விரலால்கூட ஒரு தட்டுத் தட்டி யாரும் பார்த்ததில்லை. டிரம்மை விட்டும் காது நிற்கவில்லை, மெல்ல மெல்லப் போய்க்கொண்டேதான் இருந்தது. நாற்பது வயதில் இரண்டு காதிலும் மெஷின், தரைக்கு மேலே, இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு கொடுத்து வாங்குகிற விளக்கு அறையில் வேலை. அவன் அம்மா தொண்ணூற்றெட்டில் செத்தாள், என் பொய்யை நம்பிக்கொண்டே.

நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், தபாலில் போடவில்லை. ஒருமுறை மீன் கடை வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றேன். அவன் திரும்பிச் சிரித்தான். மழை விடாது போலிருக்கே என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு அவன் தெருப் பக்கம் போனாலே கழுத்து வேர்க்கும். எனக்கும் கல்யாணம் ஆயிற்று, அறுந்தும் போயிற்று. அது வேறே கதை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஸ்கல் ஷிஃப்ட் நாலு வருஷத்தில் கலைந்துபோனது. அந்த முதல் தட்டு மட்டும் சாகவில்லை. ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கடிதம் வரும். இரண்டாயிரத்து மூன்றில் கம்பெனி அதைத் திரும்பப் போட்டது. இங்கோ அப்போது டிராம் டிரைவர். சீருடையோடு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

“பின்னட்டையில ஏதாவது மாத்தணும்னா இப்ப மாத்தலாமாம். கிஸ்பெர்ட் பேர எடுத்துடட்டுமா? குடிச்சிட்டுச் செஞ்ச பாவம், இன்னும் நெஞ்சுல குத்துது.”

எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் பேச்சு கிளம்பும். கிளம்பினால் என் வரைக்கும் வரும். இதெல்லாம் கண் சிமிட்டுகிற நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

“விடு, பழசைக் கிளறாத. எடுத்தாத்தான் எல்லாரும் கவனிப்பாங்க” என்றேன்.

அவன் தலையாட்டினான். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்கிற நம்பிக்கை. இன்னும் ஐயாயிரம் பிரதி அதே சொல்லோடு வந்தது.

இங்கோ இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரியில் போய்விட்டான். கடைசி நிறுத்தத்தில் டிராமை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டிவிட்டு, சீட்டிலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. அடக்கம் முடிந்து மதுக்கடையின் பின்கூடத்தில் காபியும் கேக்கும் பீரும். தொண்ணூறு பேர் இருப்பார்கள். ஒரு பக்கம் டிராம்காரர்கள், மறுபக்கம் நரைத்த நீளமுடியும் ஸ்கல் ஷிஃப்ட் சட்டையும் தொப்பையுமாகப் பழைய ரசிகர்கள். கோப்பைச் சத்தமும் பேச்சுமாகக் கூடம் இரைந்தது.

அப்போது கிஸ்பெர்ட் உள்ளே வந்தான். கறுப்புக் கோட்டு, தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். கல்லறைக்கும் வந்திருக்கிறான், கடைசி வரிசையில் நின்றிருக்கிறான். நான் பார்க்கவில்லை. கதவோரம் ஒரு காலி நாற்காலியைத் தேடினான்.

மேஜை மேஜையாகத் தலைகள் திரும்பின. ரசிகர்கள் ஒருவர் விலாவை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். உடோ எழுந்தான். மூன்று பீர் உள்ளே போயிருந்தது.

“உனக்கு இங்க என்னடா வேலை? அவன் உயிரோட இருந்தப்ப வராதவன், கேக் திங்க வந்தியா?”

கிஸ்பெர்ட்டுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவதைப் பார்த்து, துக்கம் சொல்கிறான் என்று நினைத்து, மரியாதையாகச் சிரித்துத் தலையாட்டினான்.

“சிரிக்கிறான் பாரு! துரோகிப் பய, சிரிக்கிறான்!”

தடியன் ஒருவன் வந்து கிஸ்பெர்ட்டின் தோளில் கை வைத்துக் கதவுப் பக்கம் திருப்பினான். நாற்காலி காட்டக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, “நன்றிங்க” என்று அவன் கூடவே நடக்க ஆரம்பித்தான் அந்த மனுஷன்.

நான் எழுந்து ஓடினேன். தடியன் கையைத் தட்டிவிட்டேன். கிஸ்பெர்ட்டின் காதருகில் குனிந்து, எனக்கும் அவனுக்கும் மட்டுமாக, “அந்தப் பேர எழுதினது நான்” என்றேன்.

“என்ன?”

“நான்தான் எழுதினேன். இங்கோ இல்ல.”

“கேக்கல ஹைட்ரூன்.” காதைத் தொட்டுக் காட்டினான். “கூட்டத்துல இந்த மெஷின் ஒதவாது, எல்லாம் ஒரே இரைச்சலாக் கேக்கும். சத்தமாச் சொல்லு.”

பொய் சொல்லக்கூடாது: அப்போதும் தப்பிக்க வழி பார்த்தேன். ‘உடம்பு நல்லாருக்கான்னு கேட்டேன்’ என்கிற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் தலையைச் சாய்த்து, என் வாயையே பார்த்துக்கொண்டு, பொறுமையாக நின்றான்.

கத்தினேன். “உன்னத் துரோகின்னு எழுதினது நான்! இங்கோ இல்ல! நீ சனிக்கிழமை வரலன்னு கோவத்துல நான் எழுதினேன்! அவன் தலையில பழியப் போட்டேன்! நீ யாருக்கும் ஒரு துரோகமும் பண்ணல!”

தொண்ணூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். உடோ நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்துமூன்று வருஷமாக இவன் இப்படித்தானே நடமாடியிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

கிஸ்பெர்ட் பக்கத்து நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தான்.

“இங்கோ இல்லியா?”

“இல்ல!”

“நான் அவன் டிராம்ல ஏறினதே இல்ல. அவன் ஓட்டிட்டு வந்தா, அடுத்த வண்டிக்கு நிப்பேன்.”

எனக்கு அது தெரியும். இங்கோ வீட்டுக்கு வந்து சொல்வான், இன்னைக்கும் நின்னான், கதவத் தொறந்து வச்சுக் காத்திருந்தேன், ஏறலக்கா என்று. நான் அவன் தட்டில் சூப் ஊற்றுவேன்.

கிஸ்பெர்ட் தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் நிமிர்ந்து கேட்டான்.

“அப்ப அவன் என்ன எழுதியிருந்தான்?”

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. அவன் காதுக்கு நேரே குனிந்து கத்தினேன்: “‘முதல் நன்றி கிஸ்பெர்ட்டுக்கு! இதுல இருக்கிற தாளமெல்லாம் அவனோடது! அவன் எப்பத் திரும்பி வந்தாலும் அந்த டிரம் ஸ்டூல் அவனுக்குத்தான்!’”

அவன் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டான்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றான்.

சொன்னேன். மறுபடியும் கேட்டான். உண்மையிலேயே கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. தொண்டை கிழிந்துவிட்டது, ஆனாலும் அத்தனை பேர் முன்னாலும் முதல் வார்த்தையிலிருந்து திரும்பக் கத்தினேன்.